பதினான்காம் வரிசைக் கதவு

ஷட்டர்க்காரர் வாழ்க்கையில் பொய் சொன்னதே இல்லை. அவருக்கு நடப்பவைதான் பொய் மாதிரி நடக்கும். அதற்கு அந்த மனிதர் என்ன செய்வார்?

கடைகளுக்கு இரும்பு ஷட்டர் மாட்டுவதும் பழுது பார்ப்பதும் அவர் தொழில். ஸ்பிரிங் அறுந்தால், தகடு வளைந்தால், பூட்டு துருவேறினால், விடிந்ததும் கடைக்காரர் தேடுவது அவரைத்தான். காப்பிகூட அதற்குப் பிறகுதான். நாற்பது வருடத்தில் அவர் கண்ட ஞானம் ஒன்றே ஒன்று: கதவு தானாக இறுகாது, இழுத்து மூடியவன் கோபத்தில் மூடியிருப்பான்.

இந்த ஞானம் கடைத்தெருவோடு நின்றுவிட்டது, வீடு வரைக்கும் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் அவருடைய ஒரே மகள், வேறு ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கேயே ஒருவரைப் பிடித்தும் இருக்கிறது என்று வந்து சொன்னாள். "இனிமே இந்த வீட்டுக் கதவு உனக்குத் திறக்காது" என்று சொல்லிவிட்டார். சொன்ன வாய் மூடுவதற்குள் வருத்தப்பட்டார். ஆனால் ஊரான் ஷட்டரை ஏற்றத் தெரிந்தவருக்குத் தான் இறக்கியதை ஏற்றத் தெரியவில்லை. மகள் போய்விட்டாள். மனைவி மட்டும் சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, அந்தச் சத்தத்தில் மகளோடு போனில் பேசி வந்தார். இவரும் அது தெரியாதவர்போலத் தண்ணீர் வீணாவதாக மட்டும் முணுமுணுத்து வந்தார்.

ஒரு நாள் மகளே கூப்பிட்டாள்.

"அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குப் பதிவு அலுவலகத்துல கையெழுத்துப்பா. சாட்சிக்கு ஆள் வேணும்."

"அம்மா போடலாமே" என்றார், பழக்கதோஷத்தில்.

"அம்மா போட்டா சட்டத்துக்குப் போதும். எனக்குப் போதாது."

அவளே மேலும் பேசினாள். பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் அவள் ஓடிப் பரிசு வாங்கிய அன்று மருந்துக்கடை ஷட்டர் இறுகிக்கொண்டது. பட்டம் வாங்கிய அன்று நகைக்கடை ஷட்டர். அம்மாவின் கண் ஆபரேஷன் அன்று, எந்தக் கடை என்றுகூட ஞாபகமில்லை, ஏதோ ஒரு ஷட்டர். "நாலரைக்கு ஆபீஸ் மூடிடுவாங்க. அதுவரைக்கும் பார்ப்பேன். வரலேன்னா பரவாயில்ல. ஷட்டர் இறுகிடுச்சுன்னு மட்டும் போன் பண்ணாதீங்க."

மனைவி ஒரு வாரம் முன்னதாகவே ரயிலேறிவிட்டார். இவருக்கு ஒரு வங்கியின் ஷட்டர் வேலை வியாழன் இரவு வரை இழுத்துக்கொண்டு போனது. ஆகவே, பிறந்ததிலிருந்து அண்ணாந்து மட்டுமே பார்த்திருந்த விமானத்துக்கு ஒரு டிக்கெட் எடுத்தார். காலை பத்தே முக்காலுக்குக் கிளம்பி ஒன்று பத்துக்கு இறங்கும். நாலு மணிக் கையெழுத்துக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் மிச்சம். இத்தனை மிச்சம் வைத்துக்கொண்டு அவர் எங்கேயும் போனதில்லை.

விமான நிலையத்துக் கவுண்டரில் இருந்த பெண் கணினியை வெகுநேரம் தட்டினாள்.

ஒரே ஒரு இருக்கைதான் மிச்சமாம். பதினான்காம் வரிசை, ஜன்னலோரம், அவசர வழிக்கதவுக்குப் பக்கத்தில். எந்த இடமானாலும் சரி, நின்றுகொண்டேகூட வருகிறேன் என்றார் ஷட்டர்க்காரர். அந்தப் பெண் அவரைத் தலையிலிருந்து கால் வரை, எக்ஸ்ரே படத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"அது சீட் இல்லைங்க ஐயா, பொறுப்பு. ஆபத்துன்னா அந்தக் கதவை நீங்கதான் திறக்கணும். நீங்க அதுக்குத் தகுதியான்னு நான் சொல்ல முடியாது. அதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. நேராப் போய் இடது பக்கம்."

நேராகப் போய் இடது பக்கம் திரும்பினால், 'அவசர வழி இருக்கைத் தகுதிப் பிரிவு' என்று பித்தளைப் பலகை. அதன் கீழ் ஒரு மூடிய கதவு. கதவுக்கு வெளியே நான்கு ஊழியர்கள் கோப்புகளோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கதவு காலை ஏழு மணிக்கு இறுகிக்கொண்டதாம். தகுதி அதிகாரி உள்ளே இருக்கிறாராம். பராமரிப்புப் பிரிவுக்கு எழுதியாகிவிட்டது, அவர்கள் கதவின் அளவைக் கேட்டுப் பதில் எழுதியிருக்கிறார்கள், அளவு எடுப்பதற்கான உத்தரவில் அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும், அந்தக் காகிதத்தைக் கதவிடுக்கு வழியாகத் தள்ளியிருக்கிறார்கள், அவர் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்.

ஷட்டர்க்காரர் கதவைப் பார்த்தார். மேல் கீல் தொங்கியிருந்தது. கைப்பிடியைப் பிடித்து லேசாக மேலே தூக்கி, முழங்காலால் ஒரு தட்டுத் தட்டினார். திறந்துகொண்டது.

உள்ளே நரைத்த தலையோடு ஒரு கனவான் மேசைக்குப் பின்னால் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவரில், சட்டம் போட்ட படமாக, ஒரு மூடிய கதவு.

"திறந்தது யாரு?"

ஷட்டர்க்காரர் கையைத் தூக்கினார்.

"திறக்க உங்களுக்கு அனுமதி இருக்கா?"

இல்லை என்றார். அதிகாரி ஒரு காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டார். பரீட்சை அப்போதே ஆரம்பித்துவிட்டது என்பது இவருக்குத் தெரியாது.

பதினேழு பக்கப் படிவம். உயரம், எடை, கைவிரல்களின் எண்ணிக்கை, கனவில் கீழே விழுவதுண்டா, உண்டென்றால் எத்தனை அடி. ஒன்பதாம் பக்கத்தில், 'கதவு திறந்த முன் அனுபவம் உண்டா?' என்று கேட்டிருந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டு, 'நாற்பது வருடம்' என்று எழுதினார். அதைப் படித்ததும் அதிகாரியின் முகம், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிந்தது.

"இதுதான் பிரச்சினை" என்றார். "கதவைக் கண்டா கை சும்மா இருக்காது உங்களுக்கு. கொஞ்சம் முன்னாடி பார்த்தேனே. இந்தக் கம்பெனிக்கு முப்பது வருஷமா விமானம் பறக்குது. ஒரு தடவைகூட ஒரு அவசரக் கதவு திறந்தது கிடையாது. அந்தப் பெருமைக்குக் காரணம் இந்தப் பிரிவு. எங்களுக்குத் திறக்கத் தெரிஞ்சவர் தேவையில்ல சார். திறக்காம உட்காரத் தெரிஞ்சவர்தான் தேவை."

"அப்ப ஆபத்துன்னா?"

"ஆபத்துன்னா தகுதியுள்ள ஒருத்தர் கதவுக்குப் பக்கத்துல இருந்தார்னு எங்ககிட்டக் காகிதம் இருக்கும்."

அடுத்தது குரல் சோதனை. 'எல்லாரும் இந்தப் பக்கம் வாங்க' என்று கத்த வேண்டும். கடைத்தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிரீஸ் டப்பா கேட்டுப் பழகிய தொண்டை. வெளியே இருந்த நான்கு ஊழியர்களும் எழுந்து உள்ளே வந்துவிட்டார்கள். சத்தம் போதும், ஆனால் சத்தத்தில் கம்பெனி தெரியவில்லை என்றார் அதிகாரி. அதன் பின் பொறுமைச் சோதனை. கண்ணெதிரே ஒரு ஊழியர் காகிதத்தைக் கொளுத்திக் காட்டுவார், பதினைந்து நிமிடம் எழுந்திருக்காமல் உட்கார வேண்டும். ஷட்டர்க்காரர் எழுந்திருக்கவில்லை. ஆனால் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். இரண்டு மதிப்பெண் போயிற்று.

மணி பத்து இருபது. அந்த நேரத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றிக்கொண்டு ஒரு பருத்த மனிதர் உள்ளே வந்தார். இடது கால் தொடை வரை மாவுக்கட்டு. அவருக்கும் பதினான்காம் வரிசைதான், எதிர்ப்பக்க ஜன்னல்.

"கால் நீட்டும் கட்டணம் கட்டியாச்சா?" என்றார் அதிகாரி.

"ஆச்சு."

முத்திரை விழுந்தது. தகுதி. அவர் போய்விட்டார். ஷட்டர்க்காரர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். அவருக்குக் கால் இப்படி இருக்கிறதே என்று மெதுவாகக் கேட்டார்.

"அதனாலதானே நீட்டக் கட்டணம் கட்டியிருக்கார்" என்றார் அதிகாரி. "கட்டணம் கட்டினவரைச் சந்தேகப்படறது மரியாதையா? கட்டாதவங்களைத்தான் சோதிக்கணும். அந்தச் சீட்டை விக்கிறதே கால் நீட்ட வசதின்னு சொல்லித்தான். விக்காம மிஞ்சினாத்தான் அது பாதுகாப்பு."

நானும் கட்டிவிடுகிறேன் என்றார் ஷட்டர்க்காரர், சட்டைப்பையில் கைவிட்டபடி. கட்டலாம், ஆனால் அந்தக் கவுண்டர் பதினொரு மணிக்குத்தான் திறக்கும்.

மணி பத்து முப்பது. ஒலிபெருக்கியில் விமானத்தின் பெயர் கடைசி முறையாக அழைக்கப்பட்டது. அதிகாரி பதினேழாம் பக்கத்தைத் திருப்பினார். அதில் எறும்பு வரிசை மாதிரிப் பொடி எழுத்தில் விதிகள். "கடைசிக் கேள்வி. இதுக்கெல்லாம் சம்மதமா?"

மகளுடைய முகம் கண்ணுக்குள் வந்தது. "சம்மதம்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதிகாரி முதல் முறையாகச் சிரித்தார். எல்லாரும் படிக்காமல்தான் போடுகிறார்கள், படித்துவிட்டுப் போடுகிறவர்களைத் தான் நம்புவதில்லை என்றார். ஷட்டர்க்காரருடைய கழுத்தில், கன்றுக்குட்டிக்குக் கட்டுவதுபோல், கயிறு கோத்த அட்டை ஒன்றைக் கட்டினார். அதில் அவர் புகைப்படம், பெயர், கதவு எண். கையில் சிறு நோட்டுப் புத்தகம் ஒன்று. பொறுப்புப் புத்தகம். கதவும் தானும் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று நேரத்தோடு எழுதிவர வேண்டும்.

விமானத்துக்குள் கதவு என்று காட்டப்பட்டதைப் பார்த்தபோது அவருக்குச் சப்பென்று போய்விட்டது. இடுப்பளவு உயரத்தில், நடுவில் ஜன்னல் வைத்த ஒரு பலகை. மேலே ஒரு கைப்பிடி, கீழே ஒரு பிடி. கைப்பிடியை இழுத்தால் சட்டத்திலிருந்து கழன்று மொத்தமாகக் கையோடு வந்துவிடும் என்று எதிரில் செருகியிருந்த அட்டையில் படம் போட்டிருந்தது. எடை பதினெட்டு கிலோ. ஒரு பெட்டிக்கடை ஷட்டரில் பாதி தேறாது.

தலைமைப் பணிப்பெண் வந்து விதிகளை ஒப்பித்தார். தூங்கக் கூடாது. போன் போடக் கூடாது. பையை மடியில் வைக்கக் கூடாது. முக்கியமாக, பொறுப்பேற்றவர் தம் கதவை விட்டு இரண்டடிக்கு மேல் பிரியக் கூடாது.

கழிப்பறை பத்தொன்பதாவது வரிசைக்குப் பின்னால் இருந்தது. இதை அவர் கிளம்பிய அரை மணி நேரத்தில் கணக்கிட்டு அறிந்தார். மாற்றாள் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போகலாம் என்றார் பணிப்பெண். விமானத்திலேயே தகுதி முத்திரை பெற்ற இன்னொருவர் மாவுக்கட்டுக்காரர்தான். அவர் காலை நீட்டி, வாயைப் பிளந்து, குறட்டையில் இருந்தார். எழுப்பலாமா என்று கேட்டார் ஷட்டர்க்காரர். கட்டணம் கட்டியவர் தூங்கினால் எழுப்ப விதியில்லை. கீழே மேகம் பஞ்சுப்பொதி மாதிரி எவ்வளவோ அழகாக மிதந்ததாம். இரண்டு மணி நேரமும் அவர் கண்ணுக்கு அத்தனை மேகமும் தண்ணீராகத்தான் தெரிந்தது. புத்தகத்தில், '12.05 – கதவு நலம். நான் அவ்வளவாக இல்லை' என்று எழுதினார்.

ஒன்று பத்துக்குச் சொன்னபடி இறங்கியது. எல்லாரும் எழுந்தார்கள். மாவுக்கட்டுக்காரரும் கட்டைகளைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். ஷட்டர்க்காரரும் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க உட்காருங்க" என்றார் தலைமைப் பணிப்பெண். "உங்க மாற்றாள் இன்னும் வரல."

விமானம் இரண்டு மணிக்குத் திரும்பிப் பறக்கும். அந்தப் பயணத்தில் பதினான்காம் வரிசைக்கு வரவேண்டியவர் வந்து, கையெழுத்துப் போட்டு, கதவை ஒப்புக்கொண்ட பிறகுதான் இவர் இறங்கலாம். பணிப்பெண் கையிலிருந்த பட்டியலைக் காட்டினார். தீயணைப்பான் நான்கு. முதலுதவிப் பெட்டி இரண்டு. மிதவை அங்கி நூற்று எண்பத்தாறு. கதவுப் பொறுப்பாளர் ஒன்று. மாவுக்கட்டுக்காரர் அந்தப் பட்டியலில் இல்லை; கட்டணம் கட்டியவர் பயணி, கட்டாதவர் உபகரணம்.

"நான் பயணிங்க. டிக்கெட் வாங்கியிருக்கேன்."

"அது ஏறுறதுக்கு" என்றார் அவர், அன்பாகவே.

ஒரு நன்மை: விமானம் தரையில் நிற்கும்போது கழிப்பறைக்குப் போக ஐந்து நிமிடம் அனுமதி உண்டு. பணிப்பெண் கதவுக்குப் பக்கத்தில் காவல் நின்றார். போய்வந்து ஷட்டர்க்காரர் மறுபடி மனிதரானார். மனிதரானதும் பயம் வந்தது.

ஒன்றே முக்காலுக்கு மாற்றாள் வரவில்லை என்று தெரிந்துவிட்டது. அவர் தகுதிப் பிரிவில் சோதனையில் இருக்கும்போதே விமானத்தைத் தவறவிட்டதாக அறிவிக்கப்பட்டுவிட்டதாம். திரும்பும் பயணிகள் ஏறத் தொடங்கினார்கள். தலைமைப் பணிப்பெண் ஏறுகிறவர்களில் ஆள் பிடிக்க முயன்றார். குத்துச்சண்டை பழகியவர்போல் இருந்த ஒருவரைக் கேட்டார். ஆபத்து வந்தால் கதவைத் திறந்து மற்றவர்களை முதலில் அனுப்புவீர்களா? அவர் யோசித்து, "நான்தான் முதல்ல போவேன்" என்றார். உண்மை பேசுகிறவர் தகுதியில்லை. ஒரு பள்ளி ஆசிரியை விதிகளை வாங்கி உட்கார்ந்து முழுதும் படித்து, பதினோராவது விதியும் பதினாலாவது விதியும் முட்டிக்கொள்கின்றன என்று சுட்டிக்காட்டினார். அவரும் தகுதியில்லை. தீயணைப்புத் துறையில் வேலை பார்ப்பவர் ஒருவர் தாமாகவே முன்வந்தார். தாமாக முன்வருகிறவர்களை ஏன் முன்வருகிறார்கள் என்று விசாரிக்க வேண்டும், அதற்கு ஆறு வாரம் ஆகும்.

மணி இரண்டரை. சாப்பாட்டு வண்டி வராததால் விமானம் இன்னும் கிளம்பவில்லை. விமானி வந்தார். நல்ல உயரம், நல்ல மீசை. ஷட்டர்க்காரர் எழுந்து, மகள் கல்யாணம் சார், நாலு மணிக்கு, சாட்சிக் கையெழுத்து என்று எல்லாவற்றையும் சொன்னார். விமானி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"உங்க உணர்வு எனக்குப் புரியுது ஐயா. எனக்கும் பொண்ணு இருக்கு. ஆனா யோசிச்சுப் பாருங்க, நாளைக்கு ஒரு இறக்கை கல்யாணத்துக்குப் போகணும்னு கேட்டா நான் அனுப்ப முடியுமா? உங்களை நாங்க இறக்கையா மதிக்கிறோம். இந்த மரியாதை எந்தப் பயணிக்கும் கிடைக்காது."

திரும்ப அங்கே போய், அங்கே மாற்றாள் கிடைத்தால் இறங்கி, மறுபடி இங்கே வரலாமே என்றார் விமானி. வருகிற விமானத்தில் எந்த இருக்கை மிச்சம் என்று அவர் சொல்லவில்லை. ஷட்டர்க்காரரும் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

போன் போட மட்டும் அனுமதித்தார்கள். மகள் எடுத்தாள்.

"பாப்பா, நான் உங்க ஊருக்கு வந்துட்டேன். விமானத்துலதான் இருக்கேன். இறங்க விடமாட்டேங்கிறாங்க. கதவுக்கு நான்தான் பொறுப்பாம்."

அந்தப் பக்கம் மனைவி யாரிடமோ மாலை வாடிவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"மருந்துக்கடை ஷட்டர், நகைக்கடை ஷட்டர். இப்ப விமானத்துக் கதவா?" என்றாள் மகள். கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் தேவலை. "நீங்க வரமுடியலேன்னா வரமுடியலேன்னு சொல்லியிருக்கலாம்ப்பா. இவ்வளவு யோசிச்சிருக்க வேண்டாம்."

போனை வைத்துவிட்டாள்.

ஷட்டர்க்காரர் உட்கார்ந்தார். இருக்கைப் பட்டை தானாக இறுகியதுபோல் இருந்தது. கால் நீட்ட அவ்வளவு இடம் இருந்தும் முழங்காலை மடக்கிக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், மகளின் ஊர் வெயிலில் கிடந்தது. எலிப்பொறியில் மாட்டிய எலிக்குக்கூடத் தின்ன ஒரு துண்டு தேங்காய் கிடைக்கும். முழுக்க முழுக்கத் திறக்கக்கூடிய ஒரு கதவுக்குப் பக்கத்தில், நாற்பது வருடம் கதவு திறந்த ஒருவன் அடைபட்டுக் கிடக்கிறான். இதைப் போய் யாரிடம் சொன்னாலும் மகள் சொன்ன பதிலைத்தான் சொல்வார்கள்.

தொழிலில் ஒரு வழக்கம் உண்டு அவருக்கு. எந்தப் பக்கமும் அசையாத ஷட்டர் என்றால் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, அதை மாட்டியவன் என்ன நினைத்து மாட்டினான் என்று யோசிப்பார். இப்போது பதினேழாம் பக்கத்தின் நகலைப் பையிலிருந்து எடுத்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, எறும்பு எழுத்தை முதலிலிருந்து படித்தார். இரண்டு முறை படித்தார். பதினோராவது விதிக்கு வந்ததும் விரலை வைத்துக்கொண்டார்.

'பொறுப்பேற்றவர், மாற்றாள் கையெழுத்திடும் வரை, தம் கதவை விட்டு இரண்டடிக்கு மேல் பிரியலாகாது.'

கதவு எங்கே இருக்க வேண்டும் என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

மணி மூன்றே கால். முன்வாசல் இன்னும் திறந்துதான் இருந்தது. சாப்பாட்டு வண்டிக்காகக் காத்திருந்தார்கள். ஷட்டர்க்காரர் எழுந்தார். மேல் கைப்பிடியை இழுத்தார். கீழ்ப்பிடியில் இடது கையைக் கொடுத்தார். லேசாகத் தூக்கி, முழங்காலால் ஒரு தட்டு. கிரீஸ் போட்டு வைத்திருந்தார்கள் என்பதை அவர் மனதுக்குள் பாராட்டினார். கதவு கழன்று கைக்கு வந்தது. பக்கத்து இருக்கையில் அப்போதுதான் வந்து உட்கார்ந்த அம்மாள், "அப்பாடா, இப்பத்தான் காத்து வருது" என்று சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

கதவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மன்னிக்கணும், கொஞ்சம் வழி விடுங்க என்று சொல்லிக்கொண்டே ஷட்டர்க்காரர் முன்வாசலுக்கு வந்தார். தலைமைப் பணிப்பெண் கையை நீட்டித் தடுத்தார்.

"எங்க போறீங்க? கதவை விட்டுப் பிரியக் கூடாது."

"பிரியலையேம்மா" என்றார் ஷட்டர்க்காரர்.

பணிப்பெண் அவரைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. பட்டியலை எடுத்து மேலிருந்து கீழ் வரை விரலை ஓட்டினார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். விமானியைக் கூப்பிட்டார். விமானி வந்து பதினோராவது விதியைப் படித்தார், மீசையைத் தடவினார், பொறுப்பாளர் இருக்கிறாரா என்று கேட்டார். இருக்கிறார். கதவு? இருக்கிறது. சேர்ந்து இருக்கிறார்களா? இருக்கிறார்கள். அப்படியானால் விதிமீறல் எங்கே?

"எனக்கு ஒண்ணும் தெரியல சார்" என்றார் பணிப்பெண்.

பட்டியலில் ஒரு சரி போட்டுக்கொண்டு, கைகூப்பி, எங்களோடு பறந்ததற்கு நன்றி என்றார். உள்ளே யாரோ பதினான்காம் வரிசையில் குளிர்கிறது என்று கம்பளி கேட்டார்கள்.

வாசலில் நின்ற காவலர்கள் கழுத்து அட்டையில் இருந்த முத்திரையைப் பார்த்து வணக்கம் வைத்தார்கள். டாக்சி ஓட்டுநர் மட்டும் கதவைப் பின்னால் வைக்கலாமே என்றார். இரண்டடி கணக்கை விளக்கி மடியிலேயே வைத்துக்கொண்டார். வழியெல்லாம் சிவப்பு விளக்கு. ஒரு சிக்னலில் பக்கத்துக் காரில் இருந்த குழந்தை கதவின் கண்ணாடி வழியாக இவரைப் பார்த்துக் கையாட்டியது. இவரும் ஜன்னலுக்குப் பின்னாலிருந்து கையாட்டினார்.

பதிவு அலுவலகம் முதல் மாடி. மணி நாலு இருபத்திரண்டு. எழுத்தர் ஒருவர் ஜன்னல்களைச் சாத்த ஆரம்பித்திருந்தார். மேசைக்கு முன்னால் மகள், அவள் பக்கத்தில் கண்ணாடி போட்ட மெலிந்த பையன் ஒருவர், மனைவி. சாட்சிக்கான இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு மனைவி குனிந்திருந்தார். படிக்கட்டில் ஏதோ முட்டி மோதி ஏறிவரும் சத்தம் கேட்டு மூவரும் திரும்பினார்கள்.

வாசலில், வேர்த்து வழிந்து, கழுத்தில் அட்டையோடு, ஜன்னல் வைத்த வெள்ளைக் கதவு ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஷட்டர்க்காரர் நின்றார்.

மகள் கதவில் ஒட்டியிருந்த எழுத்துகளைப் படித்தாள். அப்புறம் கழுத்து அட்டையைப் படித்தாள்.

"என்னப்பா இது?"

"கதவு" என்றார். மூச்சு வாங்கியது. "இது திறக்காதுன்னுதான் எல்லாரும் சொன்னாங்க. சொன்னா நீ நம்பமாட்டேன்னு கழட்டியே எடுத்துட்டு வந்துட்டேன்."

மகள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு. மனைவி பேனாவை மேசையில் வைத்துவிட்டு, இடத்தைக் காலி செய்தார். கண்ணாடிப் பையன் ஓடி வந்து கதவின் ஒரு முனையைப் பிடித்துச் சுவரோரம் சாய்த்தார். பிடித்த விதத்தைப் பார்த்து, கனமான பொருள் தூக்கத் தெரிந்தவர், பரவாயில்லை என்று ஷட்டர்க்காரர் நினைத்துக்கொண்டார். மாப்பிள்ளை என்று முதல் முதலாக அவரை நினைத்தது அப்போதுதான். நாலு இருபத்தாறுக்குக் கையெழுத்துப் போட்டார்.

போட்டுவிட்டு, நேர்மையான மனிதர் ஆயிற்றே, பொறுப்புப் புத்தகத்தைத் திறந்து எழுதினார்: '4.26 – மகள் கல்யாணத்துக்குச் சாட்சி. கதவு சுவரோரம்.'

எழுதியதை விதிப்படி தகுதிப் பிரிவுக்குத் தபாலிலும் அனுப்பினார்; அதுதான் வினையாயிற்று. பத்து நாள் கழித்துத் தகுதி அதிகாரியே மகள் வீட்டுக்கு நேரில் வந்தார். கதவைக் கொண்டுபோனது பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அதில் விதிமீறல் இல்லை. அந்த விமானத்துக்கு வேறு கதவு மாட்டி, அதற்கு வேறு ஒருவரை உட்காரவைத்தாயிற்று, அவர் நாலு நாளாகப் போய்வந்துகொண்டிருக்கிறார். அதிகாரி கேட்டது வேறு. பதிவு அலுவலகத்தில் சுவரிலிருந்து மேசை ஏழடி, அளந்து பார்த்தாயிற்று. நாலு இருபத்தாறுக்குப் பொறுப்பாளர் கதவை விட்டு ஐந்தடி கூடுதலாகப் பிரிந்திருக்கிறார். முப்பது வருடச் சரித்திரத்தில் இப்படி ஒரு அலட்சியம் நடந்ததில்லை. எழுத்துமூலம் விளக்கம் வேண்டும்.

ஷட்டர்க்காரர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கதவை நீங்களே எடுத்துப் போய்விடுங்களேன் என்றார். அதிகாரி பின்வாங்கினார். எடுத்துப்போக வேண்டுமென்றால் மாற்றாளாகக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு அவர் தகுதிச் சோதனையில் தேற வேண்டும். தகுதி வழங்கும் அதிகாரம் உள்ளவர் அவர் ஒருவர்தான். தனக்குத் தானே வழங்கிக்கொள்ள விதியில்லை. காப்பி குடித்துவிட்டு, கதவை ஒருமுறை பெருமையோடு பார்த்துவிட்டுப் போனார்.

கதவு மகள் வீட்டுக் கூடத்தில் சாய்ந்திருக்கிறது. இரண்டடி தள்ளி ஷட்டர்க்காரருடைய கட்டில். அந்த ஊரிலும் ஷட்டர்கள் இறுகத்தான் செய்கின்றன. கதவை மாப்பிள்ளையின் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்ச் சரிசெய்துவிட்டு, சாயங்காலம் சொன்ன நேரத்துக்குத் திரும்பிவிடுகிறார்.

மூன்று மாதம் ஆனதும் ஒரு காலையில், பழைய கடைக்காரர்கள் கூப்பிடுகிறார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது, கிளம்பட்டுமா என்று மெதுவாக இழுத்தார். மகள் உள்ளே போய் அந்தப் பதினேழாம் பக்கத்தை எடுத்துவந்து, அவர் மடியில் விரித்து, மூக்குக்கண்ணாடியையும் கையில் கொடுத்தாள்.

"மாற்றாள் வராம எங்கப்பா போவீங்க? விதி இருக்கு. சம்மதமா?"

ஷட்டர்க்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எறும்பு எழுத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தார். மடித்து அவளிடமே கொடுத்தார்.

"சம்மதம்" என்றார்.